பின் சீட்டில் சின்னராசு

படாளம் சின்னராசுவுக்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபத்து நான்கு வருடங்களை அடுத்தவர் காரில் கழித்திருக்கிறார். ஆக்டிங் டிரைவர் என்று சொல்வார்கள். வண்டி உங்களுடையது, ஓட்டும் கை மட்டும் அவருடையது. திருப்பதியோ, வேலூர் ஆஸ்பத்திரியோ, ஏர்போர்ட்டோ, முதல் நாள் போன் செய்தால் போதும். மறுநாள் காலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் தோளில் ஒரு பையுமாகச் செங்கல்பட்டு வந்து இறங்கிவிடுவார்.

அவருடைய அப்பா படாளம் பக்கத்தில் அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டியவர். சின்னராசு அதே கரும்பை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு சர்க்கரை ஆலைக்குப் போனார். ஆலை வாசலில் வரிசை நகராமல் ஒன்றரை நாள் டிராக்டரிலேயே உட்கார்ந்திருந்த அனுபவம் உண்டு. அதனால்தான் கல்யாண மண்டப வாசலில் எட்டு மணி நேரம் காத்திருந்தாலும் அவர் முகம் கோணாது. பிறகு மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் பத்து வருடம் வேலை. அங்கே வந்து போகிறவர்களின் வெளிநாட்டு வண்டிகள் எல்லாம் அவர் கைக்கு வந்தன. ஈசிஆரில் ஓடும் எந்தப் பெரிய வண்டியைக் காட்டினாலும் அதன் பின் சீட்டில் யாருக்கு முட்டி இடிக்கும், எந்தக் கதவைக் குழந்தை திறக்கும் என்று சொல்வார். இன்ஜினைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது ஓடும்" என்பார்.

இவரைத்தான் ராட்டினங்கிணறு பக்கம் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஷஃபியுல்லா பாய் போன மார்கழியில் கூப்பிட்டு அனுப்பினார்.

பாய் வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. தாழ்வான வண்டி. பாயின் மனைவி சைதூனுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டதால் அதில் ஏறுவது என்பது விழுவது, இறங்குவது என்பது தூக்கப்படுவது. கோவளத்தில் ஒரு ரிசார்ட்டில் நடந்த சொந்தக்காரர் நிக்காஹ்வுக்குப் போயிருந்தபோது, அவரை இரண்டு பேர் காரிலிருந்து இழுத்து வெளியே எடுத்ததை மேலே பறந்துகொண்டிருந்த ட்ரோன் படம் பிடித்துவிட்டது. வீடியோ எடிட் செய்தவன் அந்த இடத்தில் ஷெனாய் வாசிப்பைச் சேர்த்து, ஸ்லோமோஷனிலும் போட்டுவிட்டான். குடும்ப வாட்ஸாப்பில் அது நூற்றுச் சொச்சம் பேருக்குப் போனது.

"ஏறி எறங்குற வண்டி வாங்குங்க. இல்ல, நா இனிமே எந்த விசேசத்துக்கும் வர்ல" என்று சொல்லிவிட்டார் சைதூன்.

ஷார்ஜாவில் வேலை செய்யும் மகன் அயாஸுக்கு இது போதுமாக இருந்தது. வாங்குவதே வாங்குகிறோம், நல்லதாக, நடுத்தர சைஸில் ஒரு சொகுசு எஸ்யூவி வாங்கலாம் என்று அங்கிருந்தே மூன்று வண்டிகளைத் தேர்ந்தெடுத்து, இருபத்தேழு வரிசை கொண்ட ஒரு அட்டவணையும் தயாரித்து அனுப்பினான். கம்பெனிப் பெயர்கள் பாய் வாயில் நுழையாததால் வீட்டில் அவற்றை நாட்டின் பெயரால் அழைத்தார்கள். ஜெர்மன், ஜப்பான், சுவீடன்.

"சின்னராசு, நீ மூணையும் ஓட்டிப் பாரு. எது தோதுன்னு சொல்லு. அந்த வண்டிய நீயே மாசச் சம்பளத்துல ஓட்டிக்கோ. இனிமே அங்க இங்கன்னு அலைய வாணாம்" என்றார் பாய்.

சின்னராசு வீட்டில் இதைச் சொன்னதும் அவர் மனைவி தெய்வநாயகி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பர்மனெண்டா?"

"அப்டித்தான் சொல்றாரு."

"அப்ப அங்க போய் உன் வாய வச்சிகினு சும்மா இரு. எந்த வண்டிய அவங்களுக்குப் புடிக்குதோ அதயே நல்லா கீதுன்னு சொல்லு. மெனக்கெட்டு எதனா பேசி கெடுத்துக்காத."

சின்னராசு தலையாட்டினார். நிஜமாகவே அப்படித்தான் செய்வதாகவும் இருந்தார்.

முதல் நாள் ஜெர்மன் வண்டி சென்னை ஷோரூமிலிருந்து வந்தது. பாய் வீட்டுத் தெருவில் அது நுழைந்ததும் எதிர் வரிசையில் பைக்குகளை நகர்த்தினார்கள். கோட்டு போட்ட பையன் ஒருவன் இறங்கி, பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஆறு நொடியில் தொடும் என்றான். அயாஸ் வீடியோ காலில் வந்து, "அத்தா, கேட்டீங்களா? ஆறு செகண்டு!" என்று கத்தினான்.

"நூறுல எங்கப்பா போறது? ராட்டினங்கிணறு சிக்னல தாண்டவே ஆறு நிமிசம் ஆவுது" என்றார் பாய்.

சின்னராசு தன் சோதனைகளை ஆரம்பித்தார். அவை எந்த அட்டவணையிலும் இல்லாதவை. முதலில் சைதூனை யாரும் கை கொடுக்காமல் ஏறச் சொன்னார். இரண்டு தடவை முயன்று மூன்றாவதில் ஏறினார். அடுத்து, வீட்டில் பெருநாளுக்குப் பத்து கிலோ பிரியாணி வேகும் பெரிய தேக்சாவை எடுத்து வரச் சொல்லி டிக்கியில் வைத்தார். கோட்டுப் பையன் பதறிப்போய் அடியில் விரிக்க நியூஸ் பேப்பர் தேடினான். தேக்சா கம்பீரமாக உட்கார்ந்தது.

மூன்றாவது சோதனை பாயின் தூக்கம். நல்ல வண்டி என்றால் பத்து கிலோமீட்டருக்குள் பாய் குறட்டை விட வேண்டும். சின்னராசு ஓட்ட, கொளவாய் ஏரிக்கரை வழியாக ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். ஒவ்வொரு வேகத்தடையையும் இடுப்பில் உணர்ந்து, கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார் பாய்.

"தூக்கம் வர்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

இரண்டாம் நாள் ஜப்பான். அதில் சைதூன் முதல் தடவையிலேயே ஏறினார். ஏறியவர், "வண்டி ஆஃப் ஆயிடுச்சா?" என்று கேட்டார். அது ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவு சத்தமில்லாமல். செங்கல்பட்டு எல்லையைத் தாண்டும் முன்பே பாய் குறட்டை. எல்லாம் சரியாக இருந்தும் தேக்சா உள்ளே போக மறுத்தது. குறுக்கே வைத்தார்கள், சாய்த்து வைத்தார்கள், தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தார்கள். டிக்கிக் கதவு நான்கு விரல்கடை திறந்தே நின்றது.

இத்தனையையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் மருமகள் ஷஃபானா. அயாஸின் மனைவி. ஏழு வயது உசாமாவையும் நான்கு வயது ஆயத்தையும் வைத்துக்கொண்டு மாமனார் வீட்டில் இருப்பவள். உசாமாவின் பள்ளிக்கூடம், ஆயத்தின் தடுப்பூசி, சைதூனின் முட்டி டாக்டர் என்று எல்லா அலைச்சலும் அவளுடையதுதான். ஆட்டோவுக்குக் காத்து நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும். வண்டியைப் பற்றி அவளிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. சின்னராசுவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சுவீடன் வண்டியோடு வந்தவன் பெயர் ரஞ்சித்குமார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் ஒரு வண்டிகூட விற்கவில்லை என்பதை வந்த கால் மணி நேரத்தில் அவனே சொல்லிவிட்டான். அன்றைக்குச் சின்னராசுவுக்கு ஒரு யோசனை.

"பாய், ரெண்டு நாளா நா முன்னாடியே உக்காந்துகினு பின்னாடி எப்டி கீதுன்னு சொல்லிகினு கீறேன். இன்னிக்கி இந்தத் தம்பி ஓட்டட்டும். நா பின்னாடி வர்றேன். மாமல்லபுரம் வரைக்கும் போய்ட்டு வரலாம்."

உசாமா பள்ளிக்கூடம் போயிருந்தான். முட்டிக்குத் தோதாக சைதூன் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் ஒரு ஜன்னலோரம் மடியில் ஆயத்தோடு ஷஃபானா, நடுவில் பாய், இந்தப் பக்க ஜன்னலோரம் சின்னராசு. இருபத்து நான்கு வருடத்தில் அவர் காரின் பின் சீட்டில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தார். அந்தக் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

திருக்கழுக்குன்றம் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. அதற்கப்புறம் அயாஸின் அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனைத் திறந்து குனிந்தார். ஒன்பதாவது வரிசை வரும்போது வண்டி ஒரு வளைவில் திரும்பியது. பதின்மூன்றாவது வரிசையில் எதிர் வளைவு. காலை நாஸ்தாவுக்குச் சாப்பிட்ட வெண்பொங்கல் மெல்ல எழுந்து உட்கார்ந்தது. வண்டிக்குள் அடித்திருந்த வாசனை வேறு.

சின்னராசு போனை மூடினார். கண்ணை மூடினார். ஜன்னலைத் திறக்கப் பட்டனைத் தேடினார். அது கிடைக்கவில்லை, வேறு ஏதோ பட்டன் அமுங்கி சீட்டு சூடாக ஆரம்பித்தது. எத்தனை பேருடைய குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் பை நீட்டியவர், எத்தனை பேரிடம் 'முன்னாடி ரோட்டப் பாருங்க, சரியாப் பூடும்' என்று சொன்னவர். டிரைவருக்கே வாந்தி என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நான்கு கிலோமீட்டர் வந்தார். பூஞ்சேரி நெருங்கியதும் முடியவில்லை.

"தம்பி, நிறுத்து" என்றார்.

பிரேக்கைச் சோதிக்கிறார் என்று ரஞ்சித்குமார் நினைத்துவிட்டான். "பாருங்க சார், எப்படிப் பிடிக்குதுன்னு!" என்று உற்சாகமாக ஒரு மிதி மிதித்தான். வண்டி நின்ற வேகத்தில் சின்னராசு கதவைத் திறந்துகொண்டு ஓடினார். சாலையோரம் ஒரு சிற்பக் கூடம். அதன் வேலிக்கு வெளியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்ததும் பொங்கல் போன வழியே வந்தது. மாரடைப்போ என்று பயந்த ரஞ்சித்குமாரும் இறங்கி, "சார்! சார்!" என்று தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடினான்.

வண்டி பாதி சாலையில், பாதி மண்ணில், குறுக்காக நின்றது. பின்னால் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் ஒன்று வந்து நின்று ஹாரனை அழுத்தியது. அதன் பின்னால் இரண்டு டூரிஸ்ட் வேன். எதிரே மணல் லாரி. எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். ஆயத் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யாராச்சும் வண்டிய எடுங்கப்பா!" என்றார் பாய்.

"நீங்கதான் எடுங்களேன்" என்றார் சைதூன்.

"நா எப்டி எடுக்கறது?"

அதுவும் நியாயம்தான். பாய் கடைசியாகக் கார் ஓட்டியது பதினான்கு வருடத்துக்கு முன்னால். அன்றைக்குத் தன் கடை வாசலில் வரிசையாக வைத்திருந்த பதினாறு வாஷ்பேசின்களை உடைத்துவிட்டுத்தான் நிறுத்தினார். அதற்கப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

"மாமா, ஆயத்தப் புடிங்க" என்றாள் ஷஃபானா.

பிடித்தார். அவள் இறங்கிச் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். துப்பட்டாவைச் செருகிக்கொண்டு, நடுக் கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள், பிறகு இரண்டு பக்கக் கண்ணாடியையும். வேலியோரம் உட்கார்ந்திருந்த சின்னராசு அதைப் பார்த்தார். அந்த நிலையிலும், 'ஓட்டத் தெரிஞ்சவ' என்று அவர் மனசுக்குப் பட்டுவிட்டது. இப்படி அவசரத்தில் ஹாரனுக்குப் பயந்து நேரே கியரைப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

சிற்பக் கூடத்து வாசலில், லாரிக்குக் காத்திருக்கும் இரண்டு கல் யானைகள் நின்றிருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி அகலத்துக்கு இடம். ஷஃபானா பின்னால் ஒரு பார்வை பார்த்தாள். ஒரே மூச்சில் வண்டியை ரிவர்ஸில் எடுத்து இரண்டு யானைகளுக்கும் நடுவில் நிறுத்தினாள். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். உளி பிடித்திருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஸ்டாஃப் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யக்கா, சூப்பரு!" என்று கத்திவிட்டுப் போனார்.

பாய் ஆயத்தோடு முன் பக்கம் குனிந்தார்.

"லைசன்ஸ் கீதா?" என்று கேட்டார் பாய், குரலைத் தாழ்த்தி.

"இருக்கு மாமா. பீரோல, நிக்காஹ் சேலைக்கு அடியில."

"எங்க கத்துகின?"

"அச்சரப்பாக்கத்துல, எங்க அத்தா மண்டியில. மல்லாட்ட மூட்டை ஏத்துற மினி லாரி. காலேஜ் லீவுல நாந்தான் எடுப்பேன்."

"ஒம்போது வருசமா ஒரு வார்த்த சொல்லலியே!"

"யாரும் கேக்கலியே மாமா."

சைதூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "வூட்ல ஒரு டிரைவர வச்சிகினு ஒம்போது வருசமா ரெண்டு பேரும் ஆட்டோவுக்கு வெயில்ல நின்னுகினு இருந்தோம் பாருங்க!" என்றார்.

பாய்க்கு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை. "அதுக்காக, நம்ம வூட்டுப் பொண்ணு ரோட்ல ஓட்னா..." என்று இழுத்தார்.

"ரோட்லதான் ஓட்டணும். பின்ன மொட்ட மாடியிலயா ஓட்டுவாங்க?" என்றார் சைதூன்.

இதற்குள் ரஞ்சித்குமார் எங்கிருந்தோ பன்னீர் சோடா வாங்கி வந்திருந்தான். சின்னராசு, பாதி செதுக்கிய ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அதைக் குடித்துக்கொண்டிருந்தார். பாய் இறங்கி அவரிடம் வந்தார். முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"சின்னராசு, நீ சொல்லு. இவ்ளோ பெரிய வண்டி பொம்பளைக்கு சரிப்படாது, டிரைவர் இருந்தாத்தான் ஆவும், இல்ல? நீ சொன்னா இவங்க கேட்டுக்குவாங்க."

சின்னராசு சோடா பாட்டிலைப் பார்த்தார். 'ஆமா பாய்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். மாசச் சம்பளம், வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு, பெருநாளைக்குத் துணிமணி. தெய்வநாயகி எதிரே வந்து உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிரு என்று சொன்னது காதில் கேட்டது. ஆனால் அந்தச் சமயத்தில் அவருக்கு வயிறும் சரியில்லை, பொய் சொல்ல ஒரு தெம்பு வேண்டுமே, அதுவும் இல்லை. அவரே பிற்பாடு என்னிடம் சொன்னது இது.

"பாய், அந்த ரெண்டு ஆனைக்கு நடுவுல நா வுட்ருந்தா கண்டிப்பா ஒரு தும்பிக்கைய தேச்சிருப்பேன்" என்றார். "மூணு நாளா நாம தப்பான ஆளுங்கள ஏத்தி எறக்கிப் பாத்துகினு இருந்தோம். ஓட்றவங்க பாக்கட்டும்."

பாய் போய் ஒரு கல் யானையின் காதைத் தடவிக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "சரி, வூட்டுக்கு அவளே ஓட்டினு வரட்டும்" என்றார். ஷஃபானா தன் போனில் எப்போதோ எடுத்துவைத்திருந்த லைசன்ஸ் படத்தை ரஞ்சித்குமாருக்குக் காட்ட, அவன் மேனேஜரிடம் போனில் அனுமதி வாங்கியதும் கிளம்பினார்கள். சின்னராசு முன்னால் உட்கார்ந்தார். பின் சீட்டுக்கு அவர் திரும்பவில்லை.

அடுத்த வாரம் மூன்று வண்டிகளும் மறுபடி செங்கல்பட்டுக்கு வந்தன. இந்தத் தடவை ஷஃபானா ஒப்பிட்டாள். ஜிஎஸ்டி ரோட்டுக்கே போகவில்லை. காலை எட்டரை மணிக்கு, உசாமாவின் பள்ளிக்கூடச் சந்தில், மீன் வண்டியும் ஷேர் ஆட்டோக்களும் பெற்றோர் ஸ்கூட்டர்களும் பின்னிக்கிடக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். சீட்டை எவ்வளவு உயர்த்தினால் பானட்டின் நுனி தெரிகிறது, முன் கண்ணாடியின் ஓரத் தூணுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மறைகிறதா, உசாமா பையோடு இறங்கும்போது கதவு பக்கத்து ஸ்கூட்டரை இடிக்கிறதா. இவற்றைத்தான் பார்த்தாள்.

ஷார்ஜாவிலிருந்து அயாஸ், "பவர் எப்படி இருக்கு? ஜெர்மன் பிக்கப் பாத்தியா?" என்று கேட்டான்.

"ஸ்கூல் வாசல்ல பவர் எதுக்குங்க? நிறுத்த எடம் கெடச்சா போதும்" என்றாள்.

மனைவிக்கு மினி லாரி ஓட்டத் தெரியும் என்பது அயாஸுக்கும் புதிய செய்தி. இரண்டு நாள் அதிலிருந்து அவனால் வெளியே வர முடியவில்லை. அட்டவணையில் இருபத்தெட்டாவதாக ஒரு வரிசை சேர்த்து, 'ஷஃபானா' என்று தலைப்புப் போட்டு அனுப்பினான்.

கடைசியில் அவள் சொன்னது ஜப்பான். சுவீடன் வண்டியும் பிடித்திருந்தது, ஆனால் அந்தச் சந்தில் திருப்ப ஒரு தடவை கூடுதலாக முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது.

"தேக்சா போவாதே!" என்றார் பாய்.

"தேக்சா வருசத்துக்கு ரெண்டு தடவ போவும் மாமா. அதுக்கு ஒரு ஆட்டோ வச்சிக்கலாம். இத்தன நாளா எங்களுக்கு வச்சீங்கல்ல?"

பாய் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வண்டி வந்த முதல் பத்து நாள் சின்னராசு ஷஃபானாவின் பக்கத்தில் உட்கார்ந்து போனார். துணைக்கு என்று பாயின் ஏற்பாடு. மூன்றாம் நாளே, "அண்ணே, உங்க கால கொஞ்சம் சும்மா வைங்க, நீங்க மிதிக்கிறதப் பாத்து எனக்குப் பதறுது" என்று அவள் சொல்லிவிட்டாள். இல்லாத பிரேக்கை அவர் வலது கால் மிதித்துக்கொண்டே இருந்ததாம். பதினோராம் நாள் அவருக்கு வேலை முடிந்தது.

தெய்வநாயகி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் பொண்ணு நெஜமாலுமே ரெண்டு கல்லுக்கு நடுவுல வுட்டுச்சா?" என்று கேட்டாள். நடந்ததை முழுவதும் சொல்ல வைத்துக் கேட்டாள். வாந்தி எடுத்த இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம் சோறு போட்டாள்.

இப்போதும் அவர் ஆக்டிங் டிரைவர்தான். கூடவே இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. பாய் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்ததில், பெரிய வண்டி வாங்க நினைக்கிறவர்கள் ஒரு நாள் சம்பளம் கொடுத்து சின்னராசுவைக் கூட்டிப்போகிறார்கள். கல்பாக்கத்தில் ஜாக்குலின் என்று ஒரு டாக்டரம்மா, வீட்டில் ஏழு பேர், சாமான் அதிகம், சந்தெல்லாம் கிடையாது, அகலமான டவுன்ஷிப் ரோடு. சின்னராசு அவர்களை ரஞ்சித்குமாரிடம் அனுப்பிவைத்தார். அவன் விற்ற முதல் வண்டி அது. அன்று மாலை அவன் படாளத்துக்கே வந்துவிட்டான். கையில் அரை டஜன் பன்னீர் சோடா. தெய்வநாயகி அவனை உட்காரவைத்து, "நீதான் அன்னிக்கி பிரேக் போட்ட புள்ளையா?" என்று கேட்டாள்.